மதாம் ஷோவே எண்ணிய வண்டிகள்

ஃபிஜாக் ரயில் நிலையத்திலிருந்து கிளம்பி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. செலே ஆற்றோரச் சாலையின் முதல் வளைவிலேயே எதிரே ஒரு தபால் வேன் வந்தது. மதாம் ஷோவே சட்டென்று பிரேக் பிடித்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். சைக்கிளின் முன்கூடையிலிருந்து சிவப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏதோ எழுதினார். நோட்டைக் கூடையில் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

வழிகாட்டியாக முன்னால் போய்க்கொண்டிருந்த பசீல் அந்த நோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வண்டிச் சத்தமில்லாத பயண வழிகளைப் பட்டியல் போடுகிற அமைதிச் சாலைச் சங்கத்திலிருந்து கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. இந்தக் கோடையில் எங்கள் ஆள் ஒருவர் சாதாரணப் பயணியாக உங்களிடம் வருவார், யார், எப்போது என்பதைச் சொல்ல மாட்டோம், அவர் திருப்தியாகத் திரும்பினால் உங்கள் சைக்கிள் பயணத்தை எங்கள் பட்டியலில் சேர்ப்போம் என்று எழுதியிருந்தார்கள். பட்டியலில் ஏறிவிட்டால் பிழைப்பு ஓடும். ஏறாவிட்டால் என்ன ஆகும் என்பதும் பசீலுக்குத் தெரியும். செப்டம்பரிலிருந்து அவர் மறுபடி மருமகனுடைய டிரைவிங் ஸ்கூல் காரில் போய் உட்கார வேண்டியிருக்கும்.

அந்த டிரைவிங் ஸ்கூல் அவர் கையால் ஆரம்பித்ததுதான். முப்பத்துநாலு வருஷம் அந்தப் பள்ளத்தாக்கின் பிள்ளைகளுக்கெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். முப்பத்துநாலு வருஷமும் அவருடைய வலது கால் ஒரு பிரேக்கின் மேலேயே இருந்தது. கியர் அரைபடுகிற சத்தம் தூக்கத்திலும் கேட்க ஆரம்பித்த பிறகு, ஸ்கூலை மருமகனிடம் கொடுத்துவிட்டு, நாலு சைக்கிள் வாங்கி, மாடியில் இரண்டு அறைக்கு வெள்ளையடித்து, ஒரு விளம்பரத் தாளும் அச்சடித்தார். 'மோட்டார் சத்தமே காதில் விழாத இரண்டு நாள்' என்பது அதன் முதல் வரி. போன கோடையில் ஆறு பேர் வந்தார்கள். இந்தக் கோடையில் ஷோவே தம்பதிதான் முதல்.

இந்த அம்மாதான் சங்கத்து ஆள் என்று தபால் வேன் போன தூசி அடங்குவதற்குள் பசீல் முடிவுகட்டிவிட்டார். நல்ல உயரம், ஐம்பது வயது இருக்கும், எதையும் ஒருதரம் அளந்து பார்த்துவிட்டு அப்புறம் நம்புகிற கண். கணவர் மெஸ்யே ஷோவே அப்படியே எதிர். கட்டைகுட்டையாக, முழங்கைக்குக் கீழே தூண் மாதிரி இருந்த கைகளால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். ரயிலடியில் வணக்கம் சொன்னதோடு சரி. அவரிடம் அன்றைக்கு வேறு பேச்சு மிச்சமில்லை போலிருந்தது.

பத்து நிமிஷத்தில் இரண்டாவது வண்டி வந்தது. அதை ஓட்டி வந்த பெண் பசீலைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, மூன்று தரம் ஹாரன் அடித்து, கண்ணாடியை இறக்கினாள்.

“கண்ணாடி பார்த்தேன், சிக்னல் போட்டேன், அப்புறம்தான் திருப்பினேன் வாத்தியாரே.”

போகிற போக்கில் இன்னொரு ஹாரன். மதாம் ஷோவே நின்று எழுதினார்.

இதுதான் பசீலின் பாவம். சாலையில் ஓடுகிற வண்டியில் பாதி அவர் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. வாத்தியாரைப் பார்த்தால் ஹாரன் அடிக்காமல் போவது மரியாதை இல்லை என்று ஊரே நினைத்தது. அவர் சத்தத்தை விட்டு விலகி வந்தாலும் சத்தம் அவரை விட்டு விலகத் தயாராக இல்லை.

“இங்க வண்டி நிறைய போகுமோ?” என்று கேட்டார் மதாம் ஷோவே.

“ஐயோ, இல்லவே இல்ல மதாம். இன்னைக்கு என்னவோ தெரியல. வாரத்துக்கு ரெண்டு போனா அதிகம்.”

மதாமின் முகம் வாடியது. நம்பவில்லை போலிருக்கிறது என்று பசீல் நினைத்தார். இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

“இன்னைக்கு ராத்திரி தங்கப்போறோமே, உங்க ஊரு, ரோக்சாந்தல். அங்க எத்தனை பேரு இருக்காங்க?”

உள்ளது நூற்று நாற்பத்திரண்டு பேர். பசீல் நாற்பது என்றார். மதாமின் புருவம் இன்னும் இறங்கியது. நாற்பதே அதிகமாகப் படுகிறதோ என்று பயந்து, முப்பது என்றே வைத்துக்கொள்ளலாம், அதிலும் பாதிப்பேர் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை என்றார்.

“காலைல எத்தனை மணிக்கு நடமாட்டம் ஆரம்பிக்கும்?”

“பத்து மணி வரைக்கும் ஒரு ஈ காக்கா இருக்காது மதாம்.”

“குழந்தைங்க?”

“எங்க ஊர்ல குழந்தைங்களே கிடையாது.”

அதே ஊரில், அவர் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில், அவருடைய சொந்தப் பேத்திகள் இருவர் இருந்தார்கள். ஒரே வாக்கியத்தில் அவர்களை இல்லாமல் ஆக்கியது பசீலின் மனசை உறுத்தத்தான் செய்தது. ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் சில தியாகங்கள் செய்ய வேண்டியிருக்கிறது.

மதாம் ஷோவே திரும்பிக் கணவரைப் பார்த்தார். கணவர் ஆற்றைப் பார்த்தார். இரண்டு பேரும் மறுபடி மிதித்தார்கள்.

சுண்ணாம்புப் பாறைகளுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்த முதல் பழைய ஊரில் தேவாலயத்தைப் பார்க்க அவர்கள் உள்ளே போனபோது, பசீல் வெளியே நின்று மனைவி ஒதிலுக்குப் போன் போட்டார். ஆற்றோரச் சாலையில் நாலு மணி வரை யாரும் வண்டியை எடுக்க வேண்டாம் என்று ஊரில் சொல்லச் சொன்னார்.

“என்னன்னு சொல்லட்டும்?” என்றாள் ஒதில்.

“எதையாவது சொல்லு.”

“பொய் சொல்லமாட்டேன் பசீல். கல்யாணத்தன்னைக்கே சொன்னேன்.”

“அப்ப காரணத்த அப்புறம் சொல்றேன்னு சொல்லு.”

ஒதில் சொன்ன சொல் தவறாதவள். ஊர்க்காரர்கள் எல்லாரும் இருக்கிற போன் குழுவில் அப்படியே எழுதிப் போட்டாள்: 'ஆற்றோரச் சாலையில் நாலு மணி வரை யாரும் வண்டி எடுக்க வேண்டாம் என்று பசீல் கேட்டுக்கொள்கிறார். காரணம் அப்புறம்.'

காரணத்தைச் சொல்லியிருந்தால் ஒருவேளை எல்லாரும் வீட்டில் இருந்திருப்பார்கள். அப்புறம் என்று சொன்ன பிறகு யார் இருப்பார்கள்? பாறை சரிந்துவிட்டது என்றார் ஒருவர். பசீலுக்குக் கால் ஒடிந்துவிட்டது, அதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார் என்றார் இன்னொருவர். சைக்கிளில் கூட்டிப்போன வெளியூர்க்காரர்களை ஆற்றில் தவறவிட்டுவிட்டார் என்று மூன்றாவது ஒருவர் சொன்னார். அது எல்லாருக்கும் பொருத்தமாகப் பட்டது.

மறுபடி சாலையில் ஏறி ஒரு மைல் போவதற்குள் ஐந்து கார், ஒரு பால்கட்டி வேன், இரண்டு மோட்டார் சைக்கிள். எல்லாரும் நின்றார்கள். எல்லாரும் எஞ்சினை அணைக்காமலே, என்ன ஆச்சு வாத்தியாரே என்று கேட்டார்கள். பசீல் ஒவ்வொருவரிடமும் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்குப் போ என்று சொன்னார். அவர் அப்படிக் கோபமாகச் சொல்லச் சொல்ல, ஏதோ ஆகித்தான் இருக்கிறது என்று அவர்களுக்கு உறுதியாயிற்று. போனவர்கள் திரும்பி, மெதுவாக, சைக்கிள்களுக்குப் பின்னாலேயே காவலுக்கு வருகிற மாதிரி வந்தார்கள்.

அடுத்தது மேயர் ஈவெத்தின் வெள்ளைக் கார். ரோக்சாந்தலின் மேயரான அந்த அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. பசீலிடம் வண்டி கற்ற முதல் பெண் அவர்தான், இன்றைக்கும் மூன்றாவது கியருக்கு மேல் போக மாட்டார். முதலுதவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே ஓட்டி வந்திருந்தார். அவருக்குப் பின்னால் சைரன் ஊதிக்கொண்டு தீயணைப்புத் தொண்டர்களின் சிவப்பு வேன்.

“காலு எங்க?” என்றார் மேயர்.

“எந்தக் காலு?”

“ஒடிஞ்ச காலு.”

பசீல் இரண்டு காலையும் தரையில் உதைத்துக் காட்டினார். தீயணைப்புத் தொண்டர்கள் சைரனை நிறுத்த மறந்து ஆற்றில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதாம் ஷோவே சாலையோர மதில்மேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். பசீல் ஓரக்கண்ணால் பார்த்தார். அந்த அம்மாவின் முகத்தில் காலையிலிருந்து முதல்தடவையாக ஒரு சிரிப்பு தெரிந்தது. முயல் பொந்தைக் கண்டுபிடித்த வேட்டை நாயின் சிரிப்பு என்று பசீலுக்குத் தோன்றியது.

“பன்னெண்டு” என்றார் அவர் கணவரிடம். கணவர் தலையசைத்தார்.

இனிச் சாலையே வேண்டாம் என்று பசீல் முடிவு செய்தார். பழைய மாவு மில்லுக்குப் போகிற மண்பாதையில் சைக்கிளைத் திருப்பினார். அது ஆற்றை ஒட்டி, பாப்ளர் மரங்களுக்கு நடுவே, மாடுகள் தண்ணீர் குடிக்கப் போகிற வழி. அங்கே உண்மையிலேயே சத்தம் இல்லை. தண்ணீர் ஓடுகிற ஓசையும் ஒரு குயிலும் மட்டும். பசீலுக்கு உயிர் திரும்பி வந்தது. புல்லில் துணியை விரித்தார். ஆட்டுப் பால்கட்டி, உப்பிட்ட வாத்து இறைச்சி, முலாம்பழம், ரொட்டி எல்லாம் எடுத்து வைத்தார். இதோ பாருங்கள், இதுதான் எங்கள் பக்கம் என்று கையை விரித்துக் காட்டினார்.

மதாம் ஷோவே சுற்றிலும் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். மெஸ்யே ஷோவே ரொட்டியைக் கையில் எடுத்தார். கட்டைவிரலால் அழுத்தினார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். துணியின் ஓரத்தில், செத்த எலியை வைக்கிற மாதிரி வைத்தார்.

பசீலுக்குக் காது வரை சிவந்தது. ரொட்டி ஃபிஜாக்கில் பெரிய கடையில் வாங்கியது. முந்தின நாளே வாங்கியது வேறு.

“ஏன் அவ்வளவு தூரத்துலேர்ந்து?” என்று மதாம் கேட்டார்.

ஊரில் இருந்த ரொட்டிக் கடையை மூடி மூன்று வருஷம் ஆகிறது என்றார் பசீல். கடையின் கதவை அடைத்த அன்றைக்கு ஊரே சதுக்கத்தில் வந்து நின்றது. பசீல் வீட்டுக்குப் போய், சைக்கிள் துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதையா இந்த அம்மாவிடம் சொல்வது?

“நல்லதுக்குத்தான் மதாம். விடியக்காலைல மாவு பிசையற மிஷின் சத்தம், ரொட்டிக்கு வர்ற கூட்டம். இப்ப நிம்மதியா இருக்கு.”

மெஸ்யே ஷோவே எழுந்து ஆற்றங்கரைக்குப் போனார். கையைக் கழுவிக்கொண்டு அங்கேயே நின்றார். ரொட்டியால் மனிதர் கோபித்துக்கொண்டார் என்று பசீல் எடுத்துக்கொண்டார். மரத்துக்குப் பின்னால் போய் ஒதிலுக்கு மறுபடி போன் செய்தார். எங்கேயாவது, எப்படியாவது, இன்றைக்குச் சுட்ட ஒரு ரொட்டி வேண்டும். எப்படிக் கொண்டுவருவது என்று ஒதில் கேட்டதற்கு, எப்படியாவது என்றார்.

முக்கால் மணி நேரத்தில் ஒதில் வந்தாள். வீட்டில் இருந்த ஒரே வண்டி பழைய டிரைவிங் ஸ்கூல் கார். கூரையில் வைத்த பலகையைக் கழற்ற முடியாமல் ஆணி துருப்பிடித்துப் போயிருந்தது. சைலன்சர் போன குளிர்காலத்தில் எங்கோ விழுந்துவிட்டது. மண்பாதையில் அது வருகிற சத்தம் ஐந்து நிமிஷம் முன்னாலேயே கேட்டது. குயில் முதலில் கிளம்பியது, அப்புறம் வாத்துகள், அப்புறம் மாடுகள். ஒதில் இறங்கி, அக்கா வீட்டில் கேட்டு வாங்கிய பாதி ரொட்டியைத் துணியில் சுற்றி நீட்டினாள்.

மெஸ்யே ஷோவே அதையும் அழுத்திப் பார்த்தார். அதையும் ஓரத்தில் வைத்தார்.

“பதிமூணு” என்றார் மதாம் ஷோவே.

மாலை மூன்று மணிக்கு மேற்கே வானம் கறுக்க ஆரம்பித்தது. ரோக்சாந்தலுக்கு இன்னும் இரண்டு மைல். பாறை உச்சியில் ஊரும் அதன் இடிந்த கோட்டையும் தெரிந்தன. அந்த நேரம் பார்த்துச் சாலையோர வயலில் ஃபுல்பேரின் டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது. காய்ந்த புல்லைக் கட்டுக் கட்டாகக் கட்டி டிரெய்லரில் இரண்டாள் உயரத்துக்கு ஏற்றியிருந்தான். மழைக்கு முன் கொட்டகை சேர வேண்டும் என்ற அவசரம். பசீல் விருந்தாளிகளை ஒரு வாதுமை மரத்தடியில் இளைப்பாறச் சொல்லிவிட்டு வயலுக்குள் ஓடினார்.

ஃபுல்பேர் அவருடைய மாணவர்களிலேயே தனி ரகம். நாலு தடவை தேர்வில் தோற்று, ஐந்தாவது தடவை பசீலின் பிரார்த்தனையால் தேறியவன். வாத்தியார் சொல்லே வேதம்.

அரைமணி நேரம் எஞ்சினை அணைக்க முடியுமா என்று பசீல் கேட்டார். புல் நனைந்தால் குளிர்காலத்தில் மாடு என்னைத் தின்னும் என்றான் ஃபுல்பேர். அப்படியானால் இந்தச் சாலை வழியாக வராதே, மேட்டுப் பாதையில் ஏறி, ஊரின் மேல்வாசல் வழியாகக் கொட்டகைக்குப் போய்விடு என்றார் பசீல். அவர்கள் சைக்கிளில் போவது கீழ்வாசல் வழியாக. சந்திக்கவே வேண்டாம்.

ஃபுல்பேர் டிரெய்லரை அண்ணாந்து பார்த்தான்.

“மேல்வாசல் வளைவுல இது நுழையுமா வாத்தியாரே?”

பசீலும் பார்த்தார். எழுநூறு வருஷமாக நிற்கிற கல் வளைவு. அவருக்குத் தெரியாத அளவா?

“ரெண்டு விரல் இடம் இருக்கும்.”

“நீங்க சொன்னா சரி” என்று ஃபுல்பேர் வண்டியைத் திருப்பினான்.

கடைசி இரண்டு மைல் சொர்க்கம் மாதிரி இருந்தது. ஒரு வண்டி இல்லை. ஒரு ஹாரன் இல்லை. கீழ்வாசலின் சின்னக் கதவு வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, படிபோட்ட சந்தில் ஏறும்போது, எப்படி இருக்கிறது அமைதி என்று கேட்கலாம் என்று பசீல் வாயைத் திறந்தார்.

மேலேயிருந்து ஒரு ஹாரன் கேட்டது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை.

சதுக்கத்தில் கால் வைக்க இடமில்லை. மேல்வாசல் வளைவில் ஃபுல்பேரின் டிரெய்லர் பாட்டிலில் தக்கை அடைத்த மாதிரி அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு விரல் இடம் இருந்தது உண்மைதான், ஆனால் அது பக்கவாட்டில் இருந்தது. உயரத்தில் இரண்டு கட்டு கூடுதல். ஊருக்குள் வண்டி வந்துபோக அது ஒன்றுதான் வழி. வாசலுக்கு வெளியே சாலையில் வாத்தியாரைத் தேடிவிட்டுத் திரும்பிய கார்கள், பால்கட்டி வேன், மோட்டார் சைக்கிள்கள், மேயர் அம்மாவின் வெள்ளைக் கார், தீயணைப்பு வேன். வாசலுக்கு உள்பக்கம், வெளியே போக முடியாமல் நின்ற பதின்மூன்று வண்டிகள். வெளியே நின்ற வரிசையின் கடைசியில் பள்ளிக்கூட பஸ்.

பஸ்ஸின் கதவு திறந்தது. டிரெய்லரின் சக்கரங்களுக்கு நடுவே ஊர்ந்து, பத்தொன்பது பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சதுக்கத்துக்குள் முளைத்தார்கள். அவர்களில் இரண்டு பேர் நேரே ஓடிவந்து பசீலின் இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள்.

“தாத்தா, உங்க காலு ஒடிஞ்சுபோச்சாமே?”

மதாம் ஷோவே அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். பசீலைப் பார்த்தார். நோட்டை எடுத்தார்.

அதற்குள் முதல் இடி இடித்தது. ஃபுல்பேர் டிராக்டர் மேலிருந்து இறங்காமல் வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தான். குற்றம் சொல்கிற பார்வைகூட இல்லை. அடுத்து என்ன செய்யட்டும் என்று கேட்கிற பார்வை. பசீலுக்கு அதுதான் தாங்கவில்லை. சங்கத்தையும் பட்டியலையும் தலையைச் சுற்றி எறிந்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு டிரெய்லர் மேல் ஏறினார்.

“மேல் ரெண்டு அடுக்கையும் இறக்கணும். வரிசையா நில்லுங்க.”

ஊரே வரிசையாக நின்றது. ஆனால் மேலே ஏறிக் கட்டுகளைத் தூக்கிப் போட ஆள் போதவில்லை. அப்போதுதான் மெஸ்யே ஷோவே தன் சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு டிரெய்லரில் ஏறினார். கட்டுகளைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி, ஒரு குலுக்கு குலுக்கி, கீழே நீட்டினார். மற்றவர்கள் ஒன்று தூக்குவதற்குள் அவர் மூன்று தூக்கினார். கட்டுகள் கைமாறிக் கைமாறிச் சதுக்கத்தின் எதிர்ப்பக்கம் போய், கூரை நீண்டிருந்த பூட்டிய கடைகளின் வாசலில் அடுக்காக ஏறின. கடைசிக் கட்டு இறங்கியதும் ஃபுல்பேர் மெல்ல நகர்த்தினான். டிரெய்லர் வளைவை உரசாமல் உள்ளே வந்தது. பெரிய பெரிய சொட்டாக மழை விழுந்தது. அடைபட்டு நின்ற வண்டிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஹாரன் அடித்தன. தீயணைப்புத் தொண்டர்கள் தங்கள் பங்குக்குச் சைரனும் போட்டார்கள்.

கால் மணி நேரத்தில் மழை விட்டது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. யாரோ மேஜை கொண்டுவந்தார்கள், யாரோ ஒயின் கொண்டுவந்தார்கள், பால்கட்டி வேன்காரர் வேனையே திறந்துவிட்டார். வைத்துச் சாப்பிட ரொட்டிதான் இல்லை. பிஸ்கட்டில் வைத்துத் தின்றார்கள்.

பசீல் நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். தலையெல்லாம் புல். பக்கத்தில் வந்து உட்கார்ந்த மேயர் அம்மா, எதற்காக யாரும் வண்டி எடுக்கக் கூடாது என்று சொன்னாய், இப்போதாவது காரணத்தைச் சொல் என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றார் பசீல். பேத்திகள் இருவரும் மெஸ்யே ஷோவேயின் தோளிலிருந்து புல்லைப் பொறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகனுக்கு இன்றைக்கே போன் செய்து செப்டம்பருக்குச் சரி என்று சொல்லிவிடலாம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது.

மதாம் ஷோவே மேஜை ஓரத்தில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பசீல் போய் அவர் முன்னால் நின்றார்.

“நான் காலைலேர்ந்து சொன்னதெல்லாம் பொய் மதாம். சரியானத எழுதிக்குங்க.”

மதாம் நிமிர்ந்து பார்த்தார்.

“முப்பது பேர் இல்ல. நூத்தி நாப்பத்திரெண்டு பேர்.”

“நூத்தி நாப்பத்திரெண்டா?” மதாம் எழுதினார்.

“பத்தொன்பது பிள்ளைங்க. அதுல ரெண்டு என் பேத்திங்க.”

“எல்லாரும் இங்கயேதான் சாப்பிடுறாங்களா?”

இதென்ன கேள்வி என்று பசீலுக்கு விளங்கவில்லை. இன்னும் ஆழமாகத் தோண்டுகிறார் போலிருக்கிறது என்று எண்ணி, ஆமாம், மூன்று வேளையும் இங்கேதான் என்றார். காலை ஆறு மணிக்கே பாதி ஊர் தெருவில் நிற்கும் என்பதையும் சொன்னார். வியாழக்கிழமை சந்தை, அதற்குச் சுற்றுவட்டாரத்திலிருந்து வண்டி வண்டியாக வருவார்கள் என்பதையும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. மதாமின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. அவர் முகம் சிவந்து, கண் பளபளத்தது. கோபம் தலைக்கேறிவிட்டது என்று பசீல் நினைத்தார்.

“இன்னைக்கு மொத்தம் இருபத்தேழு வண்டி” என்றார் மதாம் ஷோவே, நோட்டைப் பார்த்து.

“பஸ்ஸ சேர்த்தா?”

“சேர்த்துத்தான்.”

“ஃபுல்பேரோட டிராக்டர்?”

“அட, அத விட்டுட்டேன்” என்று ஒரு கோடு போட்டார். “இருபத்தெட்டு.”

“எல்லாத்தையும் அப்படியே சங்கத்துக்கு அனுப்பிடுங்க மதாம். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல.”

மதாம் ஷோவே பேனாவை நிறுத்தினார்.

“எந்தச் சங்கம்?”

 அந்த நேரம், கையிலிருந்த புல்லைத் தட்டிக்கொண்டே மெஸ்யே ஷோவே வந்து மனைவியின் தோளுக்கு மேலே நோட்டை எட்டிப் பார்த்தார். இருபத்தெட்டு என்ற எண்ணின் மேல் அந்தத் தடித்த விரல் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அவர் நிமிர்ந்து, ரயிலடியில் சொன்ன வணக்கத்துக்குப் பிறகு முதல்தடவையாகப் பசீலைப் பார்த்துப் பேசினார்.

“ஒன்பது ஊரு பார்த்துட்டோம் மெஸ்யே, எல்லாம் மயான அமைதி, அங்கெல்லாம் ரொட்டி சுட்டா நானும் இவளும்தான் தின்னணும், அந்தப் புல்லுக்கட்டுக்குப் பின்னால பூட்டிக் கெடக்கே ஒரு ரொட்டிக் கடை, அதோட சாவி யார்கிட்ட இருக்கு?”